காலை ஆறு முதல் மதியம் இரண்டு வரை

2024-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6, செவ்வாய்க்கிழமை, காலை 9 மணி 40 நிமிடம். வானம் மூடியிருந்தது. இரவு பெய்த தூறல் பால்கனிக் கம்பியிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. காற்று இல்லை, புழுக்கம். ஆடிச் செவ்வாய் என்பதால் இரண்டு தெரு தள்ளி அம்மன் கோயில் ஒலிபெருக்கி ஐந்தரை மணியிலிருந்தே பாடிக்கொண்டிருந்தது. அந்த நிமிடத்தில்தான் திருமுல்லைவாயிலில் என் வீட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு, மும்பையில் இருப்பதாகச் சொல்லப்பட்ட ஒரு கம்ப்யூட்டரை மணிக்கு எழுபது காசு வாடகைக்கு எடுத்தேன்.

அதை நான் பார்த்ததில்லை, பார்க்கப்போவதும் இல்லை. ஒரு பிராசஸர், ஒரு ஜிபி நினைவகம், பத்து ஜிபி வட்டு. அதில் ஒரு எடிட்டரை நிறுவ வேண்டும். நிறுவிவிட்டால் முகவரியும் கடவுச்சொல்லும் தெரிந்த எவரும் எங்கிருந்தும், சாதாரண பிரவுசரிலேயே அதைத் திறந்து புரோகிராம் எழுதலாம், திருத்தலாம், ஓட்டிப் பார்க்கலாம். திறக்கிறவரின் டேப்லெட்டில் எதையும் ஏற்ற வேண்டாம். எவர் திறந்தாலும் ஒரே கோப்புகள்தான் இருக்கும்.

‘எவரும்’ என்று எழுதிவிட்டேன். உண்மையில் ஒரே ஒருவருக்காகத்தான். அவர் பதினாறு கிலோமீட்டர் தள்ளி மாங்காட்டில் இருந்தார்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பல்சக்கரக் கம்பெனியின் திட்டப் பிரிவில் நாங்கள் இருவரும் இருபத்தேழு வருடம் வேலை பார்த்தோம். ஒன்றாக என்று சொல்ல முடியாது. நான் முதல் ஷிப்ட், காலை ஆறிலிருந்து இரண்டு. அவர் இரண்டாம் ஷிப்ட், இரண்டிலிருந்து இரவு பத்து. மேசை ஒன்று, நாற்காலி ஒன்று, 1993-க்குப் பிறகு கம்ப்யூட்டரும் ஒன்று. நான் எழுந்த நாற்காலியில் சூடு ஆறும் முன் அவர் உட்காருவார். மதியம் ஒன்று ஐம்பதிலிருந்து இரண்டு பத்து வரை, ஒரு நாளைக்கு இருபது நிமிடம்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. அந்த இருபது நிமிடமும் எந்த மெஷின் நிற்கிறது, எந்தக் கம்பி வரவில்லை என்பதிலேயே போய்விடும். மிச்சம் எல்லாம் குறிப்புதான். முதலில் நோட்டில் எழுதினோம். கம்ப்யூட்டர் வந்தபின், புரோகிராமின் தலையிலேயே விளக்க வரிகளாக எழுதிவைத்தோம். அவருக்கு நான் ‘ஃபர்ஸ்ட்டு’, எனக்கு அவர் ‘செகண்டு’. பூந்தமல்லியில் பிறந்து வளர்ந்தவர். பேச்சும் அப்படி, எழுத்தும் அப்படி. ஆங்கிலப் பெரிய எழுத்தில்தான் தமிழை அடிப்பார், இங்கே அதைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். ஆனாலும் படிக்கும்போது அவர் குரல் கேட்கும்.

அவர் வீட்டுக்கு நான் இருபத்தேழு வருடத்தில் மூன்று முறை போயிருக்கிறேன். கிரகப்பிரவேசம், மகள் கல்யாணம், அவர் மனைவி இறந்த அன்று. என் மனைவி இறந்தபோது அவர் வந்து சுவரோரம் நாற்பது நிமிடம் நின்றுவிட்டுப் போனார். மறுநாள் ஒரு குறுஞ்செய்தி வந்தது: ‘சாப்பிட்டு வேலைய பாரு ஃபர்ஸ்ட்டு.’ அப்போது நாங்கள் இருவருமே ஓய்வு பெற்று ஏழு வருடம். பார்க்க என்ன வேலை இருந்தது?

2024 மார்ச்சில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று. பேச்சும் போயிற்று. புத்தி தெளிவாக இருக்கிறது, நாக்குதான் சொன்னபடி கேட்கவில்லை என்று அவர் மகள் போனில் சொன்னாள். நான் கிளம்பவே நான்கு மாதம் ஆயிற்று. முழங்கால் ஒரு காரணம். எதைச் சொல்லி உட்காருவது என்று தெரியாதது இன்னொரு காரணம்.

ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை போனேன். ஆவடிக்கு ஷேர் ஆட்டோ, அங்கிருந்து பூந்தமல்லிக்குப் பேருந்து, பிறகு மாங்காட்டுக்கு இன்னொரு ஷேர் ஆட்டோ. மெட்ரோ தடுப்புகளைச் சுற்றிச் சுற்றிப் போய்ச் சேர ஒரு மணி ஐம்பத்தைந்து நிமிடம். ஜன்னல் ஓரம் நாற்காலியில் இருந்தார். என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தார். அவர் கூப்பிட நினைத்தது எனக்குத் தெரியும். மூன்று முறை முயன்றார். எச்சில் வழிந்தது. மகள் ஓடிவந்து துண்டால் துடைத்தாள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு இடது கையை இரண்டு தரம் வெளியே வீசினார். போ, போ. நான் அந்த அறையில் இருந்தது பதினொரு நிமிடம்.

படிக்கட்டில் மகள் கூடவே இறங்கிவந்தாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க அங்கிள். யாரையும் பாக்க மாட்டேங்கறாரு. போன வாரம் சித்தப்பாவையே அனுப்பிட்டாரு.”

“பரவாயில்லம்மா. நாள் பூரா என்ன பண்றாரு?”

“டேப்ல பேப்பர் படிப்பாரு. அதுவும் ஃபிஸியோதெரபி முடிஞ்சு தூங்கி எழுந்தாத்தான். இடது கையால ஒவ்வொரு எழுத்தா தட்டுறாரு. ஆனா யார் மெசேஜ் போட்டாலும் பதில் போட மாட்டேங்கறாரு.”

“எனக்கும் போடல.”

“என்ன போட்டீங்க?”

“எப்படி இருக்கீங்கன்னு.”

அவள் சிரித்துவிட்டாள். “நீங்க ரெண்டு பேரும் என்னிக்கு அங்கிள் அதெல்லாம் கேட்டிருக்கீங்க?”

திரும்பி வரும்போது, பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றபடி அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு என் முகம் வேண்டாம், நலம் விசாரிப்பும் வேண்டாம். பழைய மேசை வேண்டுமாக இருக்கலாம். அங்கே ஒருவர் எழுந்துபோன பிறகுதான் மற்றவர் வருவார். எழுதிவைத்ததைப் படிப்பார், திருத்துவார். யாரும் யாரையும் பார்க்க வேண்டியதில்லை. அவரிடம் இருப்பது டேப் ஒன்றுதான் என்பதால், பிரவுசரில் திறக்கிற மேசையாக அது இருக்க வேண்டும். இலவசமாக இப்படித் தருகிற இடங்களையும் பார்த்தேன். கணக்கு திற, மின்னஞ்சல் கொடு, படத்தில் உள்ள பேருந்துகளைத் தொட்டுக்காட்டு என்று கேட்கிறார்கள். ஒற்றைக் கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிறவரை அப்படிச் சோதிக்க எனக்கு மனம் வரவில்லை.

நிறுவி முடிக்க ஒன்பது நாள் ஆயிற்று.

கட்டளைத் திரை திறந்ததும் கருப்பில் வெள்ளை எழுத்து மினுக்கியது. கம்பெனியில் இருந்ததும் யூனிக்ஸ்தான். முப்பது வருடத்துக்கு முன்பு அடித்த கட்டளைகளை அடித்தேன், அப்படியே வேலை செய்தன. கோப்புகளைக் காட்டு என்றேன், காட்டியது. எங்கே இருக்கிறேன் என்று கேட்டேன், சொன்னது. எனக்கு எழுபத்தொரு வயது. மகன் புனேயிலிருந்து ஞாயிறுதோறும் பேசுவான், சராசரி ஏழு நிமிடம். மற்ற நாட்களில் பால் போடுகிறவர் பேசுவார், எதிர்வீட்டு அம்மா தண்ணீர் லாரி வந்ததைச் சொல்வார். கேட்ட கேள்விக்கெல்லாம் அந்தத் திரை உடனே பதில் சொன்னதில் முதல் நாள் நான் மூன்று மணி நேரம் தேவையில்லாத கேள்விகள் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எடிட்டரை நிறுவுவது ஒரே வரிக் கட்டளை. அது இறங்கி நிறுவிக்கொள்ள நான்கு நிமிடம்தான். மீதி நாட்களெல்லாம் கதவு திறப்பதில் போயின. உள்ளே ஓடுகிறது என்று சர்வர் சொல்கிறது, பிரவுசரில் முகவரியை அடித்தால் பக்கம் கிடைக்கவில்லை என்கிறது. இரண்டு நாள் என்னையே சந்தேகப்பட்டேன். மூன்றாம் நாள்தான் புரிந்தது: வாடகைக்கு விட்டவர்களின் பக்கத்தில் தனியாக ஒரு காவல் பட்டியல் இருக்கிறது, எந்த வாசல் எண்ணைத் திறக்கலாம் என்று அதிலும் நாம் எழுதித்தர வேண்டும். எழுதியதும் திறந்தது. பிறகு, பாதுகாப்பில்லாத தளம் என்று சிவப்பில் மிரட்டியது. அதற்குச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்குப் பெயர் வேண்டும் என்றதால் ஒரு வருடத்துக்கு 749 ரூபாய் கொடுத்து இணையப் பெயர் ஒன்று வாங்கினேன். பிறகு நினைவகம் போதாமல் இரண்டு முறை மூச்சுத் திணறி நின்றது. வட்டில் இரண்டு ஜிபி ஒதுக்கி அதையும் நினைவகம்போல எடுத்துக்கொள் என்று ஏற்பாடு செய்தேன். அடித்த கட்டளைகளை எல்லாம் ஒரு நோட்டில் வரிசை எண் போட்டு எழுதியிருக்கிறேன். மொத்தம் 63. அதில் 22 தவறானவை. அவற்றையும் அடித்துவிடாமல் வைத்திருக்கிறேன்.

மேசை தயார். மேசைமேல் என்ன வைப்பது?

கம்பெனியில் நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதியது ஒரே ஒரு புரோகிராம். ஆறு மீட்டர் இரும்புக் கம்பியை எப்படி வெட்டினால் கழிவு குறையும் என்று அது கணக்குப் போடும். ஒவ்வொரு வெட்டுக்கும் ரம்பம் மூன்று மில்லிமீட்டர் தின்னும். ஒன்பது துண்டுக்கு எத்தனை வெட்டு? ஒன்பது என்பேன் நான். எட்டு என்பார் அவர், கடைசித் துண்டு தானாகவே நிற்கும், அதற்கு எதற்கு வெட்டு என்று. கம்பியின் முனை ஆலையிலிருந்து வரும்போதே கோணலாக வரும், முனையைச் சீவ ஒரு வெட்டு வேண்டும் என்பேன். அது லேத்காரன் வேலை, உன் வேலை இல்லை என்பார். 664 மில்லிமீட்டர் துண்டு என்று கேட்டால் என் கணக்கில் எட்டுதான் வரும். அவர் கணக்கில் ஆறாயிரத்துக்குள் கச்சிதமாக ஒன்பது வரும். நான் காலையில் மாற்றுவேன், அவர் சாயங்காலம் மாற்றுவார். எத்தனை முறை என்பதற்குக் கணக்கு வைக்காமல் போனது எனக்கு இன்றும் குறை.

அச்சிட்ட பழைய தாள்கள் என்னிடம் இருந்தன. அதைப் பார்த்துப் பைத்தான் மொழியில் புதிதாக எழுதினேன். அந்த வரியை என் கணக்குப்படியே வைத்தேன். வேண்டுமென்றேதான். அந்தத் தப்பைப் பார்த்துவிட்டு அவர் கை சும்மா இருக்காது. மேலே ஒரு வரி சேர்த்தேன்: ‘செகண்டு, ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்தது. 664 துண்டு எட்டுதான்.’

ஆகஸ்ட் 15, வியாழக்கிழமை காலை, முகவரியையும் கடவுச்சொல்லையும் அவர் மகளுக்கு வாட்ஸப்பில் அனுப்பி, அப்பாவின் டேப்பில் போட்டுக் கொடுக்கச் சொன்னேன். ஒன்பது நிமிடத்தில் அவளிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது.

காலை ஆறு மணிக்குச் சர்வரை ஓடவிடுவேன். மதியம் இரண்டு மணிக்கு அணைப்பேன். இந்த நேரத்தை நான் உட்கார்ந்து யோசித்துத் தேர்ந்தெடுக்கவில்லை. ஓய்வு பெற்றும் காலை நாலே முக்காலுக்கு விழிப்பு வருகிறவன், வேலை என்று ஒன்றைத் தொட்டால் அது ஆறுக்குத் தொடங்கி இரண்டுக்கு முடிகிறது. முடிந்ததும் கேஸ் ரெகுலேட்டர், கீசர், தண்ணீர் மோட்டார், ஹால் விசிறி என்று வரிசையாக அணைத்துப் பார்ப்பது வழக்கம், நான்கு. இப்போது ஐந்தாவதாகச் சர்வர். ஓடாத நேரத்துக்கு எழுபது காசு எதற்குக் கொடுக்க வேண்டும்?

ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்குத் திறந்ததும் கோப்பு கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்று பார்ப்பேன். நான் திருத்தியதுதான் இருக்கும். எட்டு மணி நேரம் திரையை ஓரத்தில் திறந்து வைத்துக்கொண்டே சமைப்பேன், பேப்பர் படிப்பேன், மருந்துகளை வாரப் பெட்டியில் பிரித்துப் போடுவேன். அவர் வந்தால் எழுத்து மாறுவதை உடனே பார்த்துவிடலாம். யாரும் வரவில்லை. நான்கு நாள், எட்டு நாள், பதினைந்து நாள்.

முதல் வாரம், மகள் மறந்திருப்பாள் என்று நினைத்தேன். இரண்டாம் வாரம், எட்டு என்று எழுதியதைப் படித்துக் கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். மூன்றாம் வாரம் நினைத்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது: புத்தி தெளிவாக இருக்கிறது என்று மகள் சொன்னதே பொய்யோ என்று நினைத்தேன். கேட்டிருக்கலாம். ஒரு போன், இரண்டு நிமிடம். ஆனால் கேட்டால் அவள் அவரிடம் கேட்பாள், அவர் மறுபடி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்புவார். அந்தக் கையசைப்பை இரண்டாம் முறை, கண்ணால் பார்க்காவிட்டாலும், வாங்கிக்கொள்ள என்னால் ஆகாது.

செப்டம்பர் தொடக்கத்தில் முதல் பில் வந்தது. அதில் இன்னொரு சங்கதி. சர்வரை அணைத்து வைத்திருக்கும் நேரத்துக்கு, அதன் முகவரிக்கு மட்டும் தனி வாடகை, மணிக்கு நாற்பது காசு. ஆக, அணைத்து வைப்பதால் எனக்கு மிச்சம் மணிக்கு முப்பது காசுதான். பூட்டிய கடைக்கு எதற்கு வாடகை என்று வாய்விட்டே கேட்டேன். கேட்க ஆளில்லை. முப்பது காசானாலும் மிச்சம் மிச்சம்தான் என்று இரண்டு மணிக்கு அணைப்பதை விடவில்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்க்கிழமை. பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை எங்கள் பகுதியில் மின்தடை என்று முந்தின நாளே அறிவித்திருந்தார்கள். எட்டு ஐம்பத்தைந்துக்குச் சர்வரை அணைத்துவிடுவது என்று காகிதத்தில் எழுதி மேசையில் ஒட்டியிருந்தேன். மின்சாரம் எட்டு நாற்பத்திரண்டுக்கே போய்விட்டது.

என் லேப்டாப்பின் பேட்டரி செத்து இரண்டு வருடம். செருகியிருந்தால்தான் ஓடும். கைபேசியில் முயன்றேன். பதினாறு எழுத்துக் கடவுச்சொல், வெள்ளெழுத்துக் கண்ணாடி, வியர்த்த விரல். மூன்று முறை தவறியதும் கணக்கு ஆறு மணி நேரத்துக்குப் பூட்டிக்கொண்டது. பால்கனியில் நின்றேன். இரண்டு மணி அடித்தபோது கேஸ், கீசர், மோட்டார், விசிறி என்று பழக்கத்தில் தொட்டுப் பார்த்தேன். மின்சாரமே இல்லாத வீட்டில் மூன்று சுவிட்சை அணைத்தேன். ஐந்தாவதை அணைக்க முடியவில்லை. மும்பையில் ஆளில்லாத மேசையில் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது என்ற நினைப்பு பல்லில் சிக்கிய நார்போல உறுத்தியது.

நான்கு பத்துக்கு மின்சாரம் வந்தது. மோடத்தின் நான்கு பச்சை விளக்கும் எரிய ஆறு நிமிடம். அணைப்பதற்காகத்தான் திறந்தேன்.

கோப்பில் என்னுடைய வரிக்குக் கீழே ஐந்து வரிகள் இருந்தன.

‘இன்னா ஃபர்ஸ்ட்டு, இன்னிக்கு மெஷின் ஓடுது? அமுத்த மறந்துட்டியா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?

பத்தொம்போது தபா வந்துகினு போய்க்கீறேன். பத்தொம்போது தபாவும் ஷட்டர் மூடிக்கீது.

ரெண்டு மணிக்கு வர்றவனுக்கு ரெண்டு மணிக்கு மூடிக்காட்டுனா, வராதேன்னு சொல்றேன்னு நெனச்சிகினேன்.

ஷிப்ட் மார்ற நேரத்துல மெஷின அமுத்திட்டுப் போறவன் எந்தக் கம்பெனில நைனா வேல பாத்தான்?

கடைசித் துண்டுக்கு வெட்டு கெடையாது. மாத்திட்டேன். ஓட்டிப் பாரு, ஒம்போது.’

ஓட்டிப் பார்த்தேன். ஒன்பது.

சர்வரின் கடிகாரம் கிரீன்விச் நேரத்தில் இருந்தது. ஐந்தரை மணி கூட்டினால், அவர் உள்ளே நுழைந்தது மதியம் இரண்டு மணி நான்கு நிமிடம். கடைசியாக எழுதியது மூன்று ஐம்பத்தொன்று. ஐந்து வரிக்கு ஒரு மணி நாற்பத்தேழு நிமிடம்.

நான் எழுந்து சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து மறுபடி படித்தேன். அவர் கேட்டது நியாயம். எங்கள் தொழிற்சாலையில் முதல் ஷிப்ட் முடிகிறபோது எவனும் மெஷினை அணைத்ததில்லை. ஓடுகிற மெஷினைத்தான் கைமாற்றுவோம். சங்கு ஊதும், என் கை எடுக்கும்போது அடுத்தவன் கை அதில் இருக்கும். அணைத்தால் மறுபடி சூடேற அரை மணி வீண். புதிதாக வருகிற அப்ரெண்டிஸ் பையன்கள்தான் சங்கு கேட்டதும் சுவிட்சைத் தட்டிவிட்டு ஓடுவார்கள். ஃபோர்மேன் அவர்களை விரட்டிப் பிடித்துத் திட்டுவார். இருபத்தேழு வருடம் செய்யாததை, தனியாக இருந்து பழகிய ஐந்து வருடத்தில் கற்றுக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பிறகு இந்த வீட்டில் இரண்டாம் ஷிப்டுக்கு யாரும் வருவதில்லை. அதனால் எழுந்தால் அணைக்க வேண்டும் என்று கை முடிவு செய்துவிட்டது.

அணைந்திருக்கிற இயந்திரத்துக்கு யார் வந்து தட்டினார்கள் என்று தெரியாது. அது எழுதிவைக்காது. மதியம் இரண்டு மணிக்கு எங்கே வருவார் என்று எல்லாரையும்விட எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

கணக்குப் போட்டேன், போடாமல் இருக்க முடியவில்லை. ஆகஸ்ட் 15-லிருந்து முந்தின நாள் வரை 26 நாள். நாளுக்குப் பதினாறு மணி நேரம் அணைந்திருந்தது. மொத்தம் 416 மணி. மணிக்கு முப்பது காசு மிச்சம். நூற்று இருபத்து நான்கு ரூபாய் எண்பது காசு. அதை மிச்சப்படுத்தத்தான் அவரைப் பத்தொன்பது முறை வாசலில் நிற்கவைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இருபத்தாறில் ஏன் பத்தொன்பது என்று அப்போதும் ஒரு குடைச்சல். பிறகு மகள் சொன்னாள், மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்களாம். மீதி நான்கும் ஞாயிறு. இரண்டாம் ஷிப்டுக்கு வார விடுமுறை.

அன்று அணைக்கவில்லை. அவருடைய ஐந்து வரிக்குக் கீழே எழுதினேன்: ‘கம்பி முனை கோணலாத்தான் வரும் செகண்டு. இனிமே மெஷின் ஓடும்.’ மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அடித்தேன், அழித்தேன். நாங்கள் அதெல்லாம் எழுதுகிறவர்கள் இல்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு இரண்டு வரி இருந்தது. ‘கோணலுக்கு லேத்காரன் கீறான். ஊட்ல தண்ணி லாரி வந்துச்சா?’ அவர் என்னிடம் வீட்டைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. வந்தது, முந்நூறு லிட்டர் குறைவு என்று பதில் எழுதினேன்.

அதிலிருந்து ஞாயிறு தவிர தினமும் நடந்தது. நான் ஆறிலிருந்து இரண்டு வரை, அவர் இரண்டுக்கு மேல். ஒரே ஒரு நாள் மட்டும், அக்டோபரில், இரண்டு மணிக்கு எழுந்துபோகாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு ஆறுக்கு எழுத்து வரத் தொடங்கியது. ஒரு எழுத்து, பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை, மறுபடி ஒன்று. ஒரு வார்த்தையைத் தவறாக அடித்து, அழித்து, மறுபடி அடித்து, பதினொரு தடவை. பன்னிரண்டாவது தடவை சரியாக வந்தது. பூட்டியிருக்கிற அறையைச் சாவித்துவாரம் வழியாகப் பார்த்ததுபோல் இருந்தது. மூடிவிட்டேன். அதன் பிறகு, பின்னால் சொல்லப்போகும் ஒரு நாள் தவிர, இரண்டு பத்துக்குமேல் நான் அந்தப் பக்கத்தில் இருந்ததில்லை. அந்த நேரத்தில் பால்கனியில் நிற்பேன். ஆவடிப் பக்கம் போகும் ரயில்களை எண்ணுவேன்.

மார்கழிக்கு மேல் அவருடைய வரிகள் குறைந்தன. ஐந்து மூன்றாயிற்று, மூன்று ஒன்றாயிற்று. பிப்ரவரியில் பல நாள் ‘நில்’ (NIL) என்று மட்டும் இருக்கும். ஷிப்ட் நோட்டில் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டால் அப்படித்தான் எழுதிவைப்போம். ஒன்றும் இல்லை, ஆனால் நான் வந்தேன். எனக்கு அது போதும். காலையில் அந்த மூன்றெழுத்தைப் பார்த்த பிறகுதான் காபி போடுவேன்.

மார்ச் 17-க்குப் பிறகு அதுவும் நின்றது. 18, 19, 20. இந்த முறை மூன்று நாளுக்குமேல் பொறுக்கவில்லை. மகளுக்குப் போன் செய்தேன்.

“நெஞ்சுல சளி கட்டிக்கிச்சு அங்கிள். அட்மிட் பண்ணிருக்கோம். நானே சொல்லணும்னு இருந்தேன்.”

“சரிம்மா. நான் வரல. அவருக்குப் பிடிக்காது. ஒண்ணு மட்டும் சொல்லிடு, மெஷின் ஓடுதுன்னு.”

“அதத்தான் அவரும் கேக்கறாரு போல. டேப்பைக் காட்டி, கையால சுவிட்ச் மாதிரி திருகிக் காட்டி, வேணாம் வேணாம்னு தலையாட்டறாரு. எனக்கு ஒண்ணும் புரியல.”

“எனக்குப் புரியுது. அணைக்க மாட்டேன்னு சொல்லு.”

பதின்மூன்று நாள் யாரும் வரவில்லை. ஆறு மணிக்குத் திறந்து, அன்றைய தேதி போட்டு, ‘ஃபர்ஸ்ட் ஷிப்ட், நில்’ என்று எழுதி, இரண்டு மணிக்கு எழுந்துவிடுவேன். கேஸ், கீசர், மோட்டார், விசிறி. நான்கோடு நிறுத்திக்கொள்வேன்.

2025 மார்ச் 31, திங்கட்கிழமை. ரம்ஜான் விடுமுறை. மேல்மாடி வீட்டிலிருந்து பிரியாணி கொடுத்தனுப்பியிருந்தார்கள். ஒரு ஆளுக்கு அதிகம், இரண்டு வேளைக்குப் பிரித்து வைத்தேன். வருடக் கணக்கு முடிக்கும் நாள் என்பதால் பில்களை எல்லாம் எடுத்து மேசையில் பரப்பினேன். கூட்டலைச் சரிபார்க்கச் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பக்கத்தைத் திறக்க வேண்டியிருந்தது. என் வரிக்குக் கீழே ஒன்று இருந்தது. வந்த நேரம் இரண்டு மணி பதினெட்டு நிமிடம்.

‘வந்துட்டேன் ஃபர்ஸ்ட்டு. இந்த மெஷினுக்கு இது வரிக்கும் இன்னா ஆச்சு? பாதி என்னுது.’

பதிலை மறுநாள் காலை ஆறு மணிக்குத்தான் எழுத வேண்டும், அதுதான் முறை. ஆனால் அன்றைக்கே, அவர் நேரத்தில், அவர் வரிக்குக் கீழேயே எழுதினேன். பெயர், வட்டு, முகவரி, ஓடிய மணி எல்லாம் சேர்த்து, இன்று வரை, ரூபாய் 4,989.90.